லெனோராவின் கை அளவு

சேஜ் கிரீக், கிழக்கு மொன்டானா
4 பிப்ரவரி 1979

அன்புள்ள லெனோராவுக்கு,

வெர்ஜில் எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் சுகம். என் முழங்கால் மட்டும் பனி விலகும்வரை என்னோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறது. நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். எழுதுகிறேன் என்றால் விஷயம் இருக்கிறது.

நேற்று உன் அண்ணன் ஓரின் வந்தான். இரண்டு வேட்டைத் துப்பாக்கிகளையும் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். "வச்சுக்கடா. நான் இனிமே வேட்டைக்கு வரப்போறதில்ல" என்றான். "ஏன்டா, கண்ணு மங்கிப்போச்சா?" என்று கேட்டேன். "அப்படியே வச்சுக்கோயேன்" என்றான். நல்ல சேணத்தையும் இறக்கி வைத்துவிட்டுப் போனான். உன் அண்ணி அடேல் போய்ச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இன்னும் பத்து நாளில் பசுக்கள் கன்று போட ஆரம்பிக்கும். அவன் கொட்டகையில் ஒரு கட்டு வைக்கோல்கூட இல்லை. நான் போய் இறக்கிவிட்டு வந்தேன்.

எல்லாவற்றையும் கொடுத்தவன் அந்தப் பெரிய ரிவால்வரை மட்டும் கொடுக்கவில்லை. நாற்பத்துநாலு மேக்னம். பேச்சுவாக்கில் கேட்டேன். "அது கட்டில் பக்கத்து இழுப்பறையில கெடக்கு. இருக்கட்டும்" என்றான். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நம் பக்கத்தில் ஒரு மனிதனிடம் போய் 'உன் துப்பாக்கியைக் கொடு' என்று கேட்க முடியாது. கேட்டால் நாற்பது வருஷ சிநேகம் வாசலிலேயே முடிந்துவிடும். இரவல் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் எனக்கு எதற்கு நாற்பத்துநாலு? இங்கே இருப்பது முயலும் முள்ளம்பன்றியும்தான். கரடி இருப்பது உன் மலைப் பக்கம்தான். யோசித்துப் பார்.

வெர்ஜில்


நார்த் ஃபோர்க், மேற்கு மொன்டானா
17 பிப்ரவரி 1979

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். உன் உடம்பு எப்படி? சாப்பிடுகிறாயா? டப்பா பீன்ஸைத் திறந்து நின்றபடியே தின்பது சாப்பாட்டுக் கணக்கில் வராது. கன்றுகள் எத்தனை வந்தன?

எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். போன இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய கரடி என் பிளம் மரத்தை முறித்துப் போட்டதை எழுதியிருந்தேன் அல்லவா? கோடையில் நான் ஹக்கிள்பெர்ரி பறிக்கத் தனியாக மலைக்குப் போகவேண்டும். இரண்டு கையும் பழத்தில் இருக்கும்போது நீளத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. இடுப்பில் தொங்குகிற மாதிரி, ஆனால் கரடி மதிக்கிற மாதிரி ஒரு ரிவால்வர் வேண்டும். எனக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. நீதான் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் உன்னுடையதையே ஒரு கோடைக்கு இரவல் கொடேன். துணியில் சுற்றித் தபாலில் போட்டால் போதும்.

பதில் போடு. சும்மா நாலு வரியாவது.

உன் தங்கை
லெனோரா


சேஜ் கிரீக்
20 மார்ச் 1979

லெனோராவுக்கு,

நலம். கன்றுகள் முப்பத்தெட்டு. இரண்டு செத்துப்போயின.

கரடிக்கு என்றால் நாற்பத்துநாலுக்குக் குறைந்து எதுவும் வேண்டாம். கடையில் கேட்டால் தருவார்கள். என்னுடையது உனக்குக் கனம்.

குளிர் இன்னும் விடவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஓரின்


நார்த் ஃபோர்க்
28 மார்ச் 1979

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. ஆறு வாரம் காத்திருந்ததற்கு ஆறு வரி. பரவாயில்லை, வரிக்கு ஒரு வாரம். நான் சுகம், வலது தோளில் மட்டும் பிடிப்பு. செத்த கன்றுகளை நினைத்து வருத்தமாக இருந்தது.

நீ சொன்னபடி நகரத்துக்குப் போய்க் கடையில் விசாரித்தேன். பையன் ரொம்ப மரியாதை. என் கையைப் பார்த்தான், என் நரையைப் பார்த்தான், கண்ணாடிப் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பிடி போட்ட ஒரு குட்டித் துப்பாக்கியை எடுத்தான். "இந்தக் கைக்கு இது போதும்மா" என்றான். "கரடிக்குப்பா" என்றேன். "சத்தம் கேட்டாலே ஓடிடும்மா, கவலப்படாதீங்க" என்றான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கைப்பைக்குள் அடங்குகிறது. எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பெரியதாக இருந்தால்தான் நல்லது என்பதெல்லாம் ஆண்களின் பெருமை என்றும் அவன் சொன்னான்.

வரும் வழியெல்லாம் நீ அந்த நாற்பத்துநாலை வாங்கிக்கொண்டு வந்த நாள்தான் ஞாபகம். ஐம்பத்தேழாம் வருஷம். அண்ணி துணி துவைக்கும் இயந்திரத்துக்காக இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ வண்டியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியோடு இறங்கினாய். அண்ணி திறந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "பாரு லெனோரா, துணி தொவைக்க மிஷின் கேட்டா, உங்கண்ணன் இத வாங்கிட்டு வந்திருக்காரு. சுட்டா அழுக்குப் போயிடுமாம்!" என்றாளே. நீ வேலிக்கம்பத்தில் காபி டப்பாவை வைத்து மூன்று தரம் சுட்டாய். டப்பா அசையவில்லை. அண்ணி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரே தரம். டப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரைமணி ஆயிற்று.

எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. உடனே கண்ணும் நிறைகிறது. அவளை நினைத்தால் இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன, என்ன செய்ய?

லெனோரா


சேஜ் கிரீக்
4 ஏப்ரல் 1979

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். முதலில் அந்தப் பையனிடம் போய்ச் சொல்: எடுத்து வைத்ததை அவன் தன் பாட்டிக்குக் கொடுக்கட்டும். அதை வைத்துக் கரடியைச் சுட்டால் கரடிக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான். கைப்பைக்குள் அடங்குகிறதாம்! நீயும் கரடிக்குள் அடங்கிவிடுவாய்.

கவனமாகப் படி. முந்நூற்றைம்பத்தேழு மேக்னம் நல்ல சாமான்தான், ஆனால் இரண்டு காலில் நடக்கிற தொல்லைகளுக்கு. உன் மலையில் இருக்கிற ஜாதிக்கு நாற்பத்துநாலு. லேசாக இருக்கிறதே என்று எதையும் வாங்கிவிடாதே. லேசான துப்பாக்கி இடுப்புக்குச் சுகம், சுடும்போது மணிக்கட்டுக்கு எமன். கனமானது உதைப்பைத் தானே பாதி வாங்கிக்கொள்ளும். குழல் நான்கு அங்குலம் இருந்தால் புதரில் மாட்டாது. ஆறரை இருந்தால் குறி நிற்கும். அதற்குமேல் நீளம் ஊரில் காட்டிக்கொள்ள. பழகுவதற்கு மேக்னம் தோட்டா வேண்டாம். அதே துப்பாக்கியில் போகிற மென்மையான தோட்டா, 'ஸ்பெஷல்' என்று கேள். முதல் நாளே பெரியதைப் போட்டுச் சுட்டால் கை பயந்துவிடும். கை ஒருமுறை பயந்துவிட்டால் அப்புறம் எவ்வளவு நல்ல துப்பாக்கியும் வீண்.

இதைவிட முக்கியம் பிடி. பிடி கைக்குள் உட்கார வேண்டும். உட்கார்ந்தபடியே ஆள்காட்டி விரல் விசையை எட்ட வேண்டும். எட்டுவதற்காகக் கையை நகர்த்தினால் குறி போயிற்று. அதனால் ஒரு தாளில் உன் வலது கையை விரித்து வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. அளவு தெரியாமல் நான் எதையும் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் இருந்தாலும் மலையில் போகும்போது சத்தம் போட்டுக்கொண்டே போ. பாடு. நீ பாடினால் கரடி மாவட்டத்தையே விட்டுப் போய்விடும்.

டப்பாவைத் தேட அரைமணி ஆகவில்லை. கால் மணிதான். காற்றும் அன்று என் பக்கம் இல்லை.

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் சுகம்.

ஓரின்


நார்த் ஃபோர்க்
15 ஏப்ரல் 1979

அன்புள்ள அண்ணா,

சுகமா? தோள் பரவாயில்லை. நீ கேட்டபடி கையை அனுப்பியிருக்கிறேன். சுண்டுவிரல் ஓரத்தில் கோடு வளைந்திருப்பது பூனை குதித்ததால். என் விரல் நேராகத்தான் இருக்கிறது.

கோடு போடும்போது என் கையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் க்ளைட் இறந்த வருஷம் இந்தக் கை ஒரு வேலையும் செய்யவில்லை. வசந்தம் வந்தபோதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. அவரில்லாமல் எப்படிப் பனி உருகலாம் என்று எனக்குக் கோபம். அதை அப்போது நான் யாருக்கும் எழுதவில்லை. இப்போது உனக்கு எழுதுகிறேன்.

யோசித்துப் பார்த்தேன். புதியது எதுவும் எனக்கு வேண்டாம். உன்னுடையதையே அனுப்பிவிடு அண்ணா. நீ இருபத்திரண்டு வருஷம் பிடித்த சாமான் என் இடுப்பில் இருந்தால் எனக்குத் தைரியம். நல்ல அட்டைப்பெட்டியாகப் பார்த்துக் கட்டித் தபாலில் போடு. வேண்டுமானால் வெர்ஜில் கட்டிக் கொடுப்பார்.

லெனோரா


சேஜ் கிரீக்
10 மே 1979

அன்புள்ள தங்கைக்கு,

கை வந்தது. இவ்வளவு சின்னதா உன் கை? அடேலின் கையுறையை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே அளவு. அதற்குப் பிறகு கையுறையைத் திரும்ப எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கன்றுகளுக்கு அடையாளச் சூடு போட்டு முடித்தோம். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு இருபது பேருக்கு அவள்தான் சமைப்பாள். இந்த முறை எல்லாரும் அவரவர் ரொட்டியைக் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல் தின்றுவிட்டுப் போனார்கள்.

புதியதாக நான்கு அங்குலக் குழல் போட்ட ஒன்றை உனக்கு வாங்கித் தருகிறேன். என்னுடையது என்னிடமே இருக்கட்டும். அதைக் கேட்காதே.

ஓரின்


நார்த் ஃபோர்க்
25 ஜூன் 1979

அண்ணா,

மே மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. இது நான் போடும் மூன்றாவது கடிதம். தினமும் ஒன்றரை மைல் நடந்து தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். நீதான் தொலைபேசி வைத்துக்கொள்ளவில்லையே, வெர்ஜிலிடம் பேசிக் கேட்டேன். "இருக்கான். கதவத் தொறக்க மாட்டேங்கறான். உள்ளேருந்து 'வேலையா இருக்கேன், போடா'ங்கறான்" என்றார். என்ன வேலை? சமையலறையிலிருந்து ஏதோ அராவுகிற சத்தம் கேட்டதாம்.

துப்பாக்கி கிடக்கட்டும். கரடி கிடக்கட்டும். நீ இருக்கிறாய் என்று உன் கையால் ஒரு வரி எழுது. எனக்கு மிஞ்சியிருப்பது நீ ஒருத்தன்தான்.

லெனோரா


சேஜ் கிரீக்
1 ஜூலை 1979

என் அன்புத் தங்கைக்கு,

இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்தவேண்டும். நம் அப்பா இருபத்தாறு வருஷம் இந்த ஊர்த் தபால் அதிகாரி. பதினாலு வயதிலேயே நீ அந்தச் சன்னலில் உட்கார்ந்து முத்திரை குத்தியவள். அப்பா இல்லாத ஒரு நாள் ஓலாஃப் பிரெக்கே ஒரு மாவுச் சாக்கில் எதையோ சுற்றிக் கொண்டுவந்தார். நீ தூக்கிப் பார்த்தாய். "மாமா, இது மாவு இல்ல. கைத்துப்பாக்கி தபால்ல போகாது, சட்டம் இருக்கு. எடுத்துட்டுப் போங்க" என்றாய். ஆறடி மனுஷர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார். ஊரே ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது.

அந்த லெனோரா எனக்கு எழுதுகிறாள்: துணியில் சுற்றித் தபாலில் போடு. ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. பிப்ரவரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கு வேண்டியது துப்பாக்கி இல்லை, அது என் இழுப்பறையில் இல்லாமல் இருப்பதுதான் என்று. கோபம் வந்தது. அதனால்தான் ஆறு வரி. அப்புறம் அந்த முத்துச்சிப்பிக் கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. நீ அதையும் தெரிந்தேதான் எழுதியிருப்பாய்.

ஜூன் ஒன்பது எங்கள் கல்யாண நாள். முப்பத்தொன்று ஆகியிருக்கும். காலையில் இழுப்பறையைத் திறந்து அதை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று உனக்குத் தெரியும், நான் எழுதவேண்டியதில்லை. சமையலறை மேஜையில் கொண்டுவந்து வைத்தேன். வைத்த இடத்தில் உன் கை கிடந்தது, பூனை வளைத்த சுண்டுவிரலோடு. ரிவால்வரின் பிடி உன் உள்ளங்கைக் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே நின்றது. 'இது இவளுக்கு ஒருநாளும் சேராது, உள்ளங்கைப் பக்கம் நிறைய மரத்தை எடுக்கவேண்டும்' என்று நினைத்தேன். அந்த நேரத்தில் போய் நினைக்கிற நினைப்பா அது? ஆனால் எனக்கு வந்தது அதுதான்.

தோட்டாக்களை எடுத்துச் சர்க்கரை டப்பாவில் போட்டேன். திருகாணியைக் கழற்றி மரப்பிடியை எடுத்தேன். அரத்தைத் தேடி எடுத்து அராவ ஆரம்பித்தேன். கொஞ்சம் அராவுவேன், உன் கைமேல் வைத்துப் பார்ப்பேன், மறுபடி கொஞ்சம். நடுவில் எப்போதோ அழ ஆரம்பித்தேன். நவம்பரிலிருந்து நான் ஒரு சொட்டு அழவில்லை லெனோரா, அடக்கத்தின்போதுகூட. அன்றைக்கு மரத்தூளெல்லாம் நனைந்துபோயிற்று. பிறகு பசித்தது. மூன்று முட்டை பொரித்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் அந்த வேலைதான். உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெய் தேய்த்து, காயவைத்து, மறுபடி தேய்த்து. அவசரப்படவில்லை. முடிந்துவிடக் கூடாது என்றும் ஒரு பயம் இருந்தது. உன் கடிதங்களைப் பிரித்தால் பதில் எழுதவேண்டும், அதனால் பிரிக்கவில்லை. மூன்றையும் இன்றுதான் சேர்த்துப் படித்தேன். மன்னித்துக்கொள்.

வைக்கோல் வேலை முடிந்ததும் நானே வண்டியில் கொண்டுவருகிறேன். தபாலில் போகாது.

உன் அண்ணன்
ஓரின்


நார்த் ஃபோர்க்
9 செப்டம்பர் 1979

அன்புள்ள அண்ணா,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? நான் சுகம். கை மட்டும் இன்னும் ஊதா நிறம், பழச்சாறு போகவில்லை. நீயும் பத்து நாள் பறித்தாயே, உன் விரலும் அப்படித்தான் இருக்கும்.

நீ போன நாலாம் நாள் கரடி வந்தது. பொய்க்குச் சொன்னதாக நினைத்தாயே, அதே கரடிதான். முப்பது அடியில், புதரின் அந்தப் பக்கம். ரிவால்வரை எடுத்தேன். பிடி தானாகக் கைக்குள் வந்து உட்கார்ந்தது. நீ சொன்னபடி பாடினேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மனம் நொந்த மாதிரி திரும்பிப் போயிற்று. சுடவில்லை. ஒரு தோட்டாவும் செலவில்லை.

ஒன்று கேட்கவேண்டும் என்று நினைத்து மறந்தேன். கிளம்புகிற அன்று வாசலில், "நான் ஒரு தடவ புடிச்சுப் பாக்கறேன் குடு" என்று வாங்கினாய். பிடித்துப் பார்த்துவிட்டுத் தனியாகச் சிரித்தாய். ஏன்?

இன்னொன்று. இதைக் கழற்றிச் சுத்தம் செய்ய எனக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறையாவது நீ வந்துதான் செய்து தரவேண்டும். வராவிட்டால் துரு பிடித்துவிடும்.

ஜாம் ஆறு பாட்டில் அனுப்புகிறேன். இது தபாலில் போகும்.

லெனோரா


சேஜ் கிரீக்
23 செப்டம்பர் 1979

அன்புள்ள தங்கைக்கு,

நான் சுகம். ஜாம் ஐந்து பாட்டில் வந்தது, ஒன்று வழியில் உடைந்துபோயிற்று. அப்பா இருந்திருந்தால் நீ பெட்டி கட்டிய லட்சணத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். இரண்டை வெர்ஜிலுக்குக் கொடுத்தேன். "துப்பாக்கி ரெண்டையும் எடுத்துட்டுப் போறியாடா?" என்று கேட்டான். "இந்தக் குளிர்காலம் முடியட்டும். உங்கிட்டயே இருக்கட்டும். வேணும்ங்கறப்ப நானே கேக்கறேன்" என்றேன். அவன் மூக்கைச் சிந்திக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

குளிர்காலத்தை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயமில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஞாயிறுதோறும் வெர்ஜில் வீட்டில் சாப்பிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவன் சமையலைத் தின்றுவிட்டு உயிரோடிருந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

வாசலில் ஏன் சிரித்தேன் என்று கேட்டிருந்தாய். பிடித்துப் பார்த்தேன், பிடிக்க முடியவில்லை. உன் கைக்கென்று அவ்வளவு மரத்தை எடுத்திருக்கிறேன். என் சுண்டுவிரலும் மோதிரவிரலும் வெளியே தொங்கின. இருபத்திரண்டு வருஷம் என்னிடம் இருந்தது. இருட்டில்கூடக் கை தானாகத் தேடிப் பிடிக்கும். அன்றைக்கு வேறு யாருடைய சாமானையோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அராவும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை. வாசலில்தான் புரிந்தது. அதற்குத்தான் சிரித்தேன். மலை இறங்கும்வரை சிரித்துக்கொண்டேதான் வந்தேன்.

இழுப்பறையில் இப்போது அடேலின் கையுறை இருக்கிறது, அதன்கீழ் உன் கை வரைந்த தாள்.

சுத்தம் செய்யத் தெரியாதாம்! அப்பாவின் துப்பாக்கியைக் கழற்றித் துடைக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். மே மாதம் கன்றுகளுக்குச் சூடு போட்டதும் வருகிறேன். அதுவரை துரு பிடிக்காமல் நீயே துடைத்து வை.

உன் அண்ணன்
ஓரின்